வாளியும் துணியும்: வாசலில் கார் துடைத்தவர்களின் கதை

கார் துடைப்பதைப் பற்றி ஒரு பதிவா என்று சிரிக்காதீர்கள். கோயில், கல்வெட்டு, பழைய சினிமாக் கொட்டகை எல்லாம் எழுதி முடித்தாயிற்று. இதையும் எழுதிவிடுகிறேன். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் 1974-ல் சேர்ந்து 2010-ல் ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் மோட்டார் கிளெய்ம் பிரிவிலேயே குப்பை கொட்டியவன் நான். காரின் கதவைத் தட்டிப் பார்த்தே உள்ளே துரு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் துருவுக்கும் காலையில் வாளியோடு வருகிறவருக்கும் உள்ள உறவு, கிளெய்ம் கோப்புகளில் எழுதப்படாத விஷயம்.

முதலில் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் 'கிளீனர்' என்றால் கார் துடைப்பவர் இல்லை; லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் போய் பலகையைத் தட்டி 'வா, வா' என்று கத்துகிறவர். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே டிரைவர், கண்டக்டரோடு கிளீனரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தார். வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் அதில் இருந்தன. ஆனால் வீட்டு வாசலில் வந்து காரைத் துடைத்துவிட்டுப் போகிறவருக்கு எந்தச் சட்டத்திலும் பெயர் கிடையாது. பேச்சு வழக்கிலும் கிடையாது. 'வண்டி துடைக்கிறவரு' என்போம். அவ்வளவுதான்.

இந்த வேலை மோட்டார் காருக்கு முந்தியது. மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியை நாம் டிராக்டர் எஞ்சினோடு சேர்த்துத்தான் நினைக்கிறோம். அது 1840-ல் குதிரைச் சேணமும் கோச்சு வண்டியும் செய்யத் தொடங்கிய கடை. அந்தக் கோச்சு வண்டிகளுக்கு வார்னிஷ் பூச்சு. ஒரு கோட் காய்ந்து அடுத்த கோட் என்று வாரக்கணக்கில் அடிப்பார்கள். சேறு காய விட்டால் வார்னிஷ் கறை பிடித்துவிடும். அதனால் வண்டி வீடு திரும்பியதும் குதிரைக்காரன் குதிரையையும் தேய்க்க வேண்டும், வண்டியையும் கழுவ வேண்டும். சென்னையில் எம்.சி. 1 என்ற பதிவு எண் துறைமுகத்தை நிர்மாணித்த சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங்கின் காருக்குப் போனது, எம்.சி. 3 கட்டட கான்டிராக்டர் நம்பெருமாள் செட்டியாருடையது. அப்படி ஒவ்வொரு வீடாகக் கார் வந்தபோது லாயம் ஷெட்டாக மாறியது. வாளியும் துணியும் மாறவில்லை. ஆரம்பகாலக் கார்களுக்கும் அதே கோச்சு வார்னிஷ்தான்.

1920-களில் அமெரிக்காவில் டியூபான்ட் கம்பெனி 'டூக்கோ' என்ற பெயரில் ஒரு நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டைக் கொண்டுவந்தது. வாரக்கணக்கில் காய்ந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. அந்தப் பெயர் நம்மூர் பட்டறைகளில் இன்னும் சாகவில்லை. புதுப்பேட்டையில் 'டிங்கரிங், டூக்கோ' என்று பலகை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அடிப்பது வேறு ஏதோ பெயின்ட். பலகை மட்டும் நூறு வருஷத்துக்கு முந்தையது.

அந்த வகைப் பெயின்டுக்கு ஒரு குணம். வெயிலில் மேற்பரப்பு மாவு மாதிரி பூத்துவிடும். விரலால் தடவினால் விரலில் நிறம் ஒட்டும். கறுப்பு அம்பாசடர் சாம்பல் பூத்து, சிவப்பு பியட் இளஞ்சிவப்பாகி நின்றதையெல்லாம் நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. அதற்கு மருந்து, ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து, செத்த பெயின்டை எடுத்துவிட்டு, மேலே மெழுகு பூசுவது. மெழுகில் நல்லது கார்னாபா. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு அது. ஆக, பாலிஷ் என்பது அழகுக்காக மட்டும் இல்லை. அன்றைய பெயின்டுக்கு அது உயிர்காப்பு. காருக்குக் காத்திருந்த காலம் வேறு. பியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். கிடைத்த வண்டியை இருபது வருஷம் ஓட்டியாக வேண்டும் என்றால் துடைக்காமல் என்ன செய்வது?

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஒரே ஒரு கார், வக்கீல் வீட்டு லாண்ட்மாஸ்டர். டிரைவர்தான் கழுவுவார், கிணற்றுத் தண்ணீரில். முதலில் கூரை, பிறகு கண்ணாடி, பிறகு பானெட், கடைசியில் சக்கரம். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்ற மாட்டார். சக்கரம் துடைத்த துணி மேலே வரக் கூடாது. (இன்று யூடியூபில் ஆயிரம் ரூபாய் ஷாம்பூ விற்கிற இளைஞர்கள் இதையேதான் பெரிய ரகசியம் மாதிரி சொல்கிறார்கள்.) குரோமியம் பம்பருக்கு விபூதி. உலர்ந்த துணியில் விபூதியைத் தொட்டுத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். கண்ணாடிக்கு முந்தின நாள் ஹிந்து பேப்பர், ஈரம் பண்ணி ஒரு தாள், காய்ந்தது ஒரு தாள். கடைசியாக ஒரு மஞ்சள் தோல். அதை 'ஷாமி லெதர்' என்பார். ஆல்ப்ஸ் மலை ஆடு ஒன்றின் பெயரில் வழங்கினாலும் கடையில் கிடைத்தது மீன் எண்ணெயில் பதனிட்ட செம்மறித் தோல்தான். தண்ணீரை உறிஞ்சும், கோடு விடாது. எங்களைத் தொட விட மாட்டார். "காஞ்சா அப்பளம் மாதிரி ஆயிடும்டா, கைய எடு" என்பார். உண்மைதான், வெயிலில் காயப் போட்டால் விறைத்துவிடும்.

டிரைவர் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர்கள் கார் வாங்க ஆரம்பித்த பிறகுதான் தனியாகக் கார் துடைப்பவர் என்று ஒருவர் உருவானார். எழுபதுகளிலேயே ஒருவர் இருவர் இருந்திருப்பார்கள். ஆனால் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, வங்கியிலும் எல்ஐசியிலும் வாகனக் கடன் தாராளமாகி, குமாஸ்தா வீட்டு வாசலிலும் கார் நின்றபோதுதான் அது ஒரு தொழிலாயிற்று. நான் 1986-ல் ஆபீஸ் கடனில் ஒரு பழைய பத்மினி வாங்கினேன். அசோக் நகரில் வாடகை வீடு. அடுத்த வாரமே ஒருவர் வந்து நின்றார். "சார், அந்த நாலாம் நம்பர் வூட்டு வண்டி, ஆறாம் நம்பர் வூட்டு வண்டி ரெண்டும் நான்தான் துடைக்கிறேன். உங்களுதும் குடுங்க" என்றார். மாதம் 30 ரூபாய் என்று பேசி முடித்தோம். அவர் பகலில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். இஸ்திரிக்காரர், பேப்பர் போடுகிறவர், இரவுக் காவலாளி என்று ஏற்கனவே அதிகாலையில் விழித்திருந்தவர்களின் உபதொழிலாகத்தான் இது பல தெருக்களில் தொடங்கியது.

துணிக்குக் கஷ்டமே இல்லை. திருப்பூரில் பனியன் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் மூட்டை மூட்டையாக 'பனியன் வேஸ்ட்' என்று கிலோக் கணக்கில் சென்னைக்கு வந்தன. பட்டறையில் கிரீஸ் துடைக்கவும் அதுதான், வாசலில் கார் துடைக்கவும் அதுதான். மற்ற சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மெழுகு டப்பா, டாஷ்போர்டு பாலிஷ், சாமந்திப் பூ மாதிரி ஒரு டஸ்டர். எல்லாம் அங்கே கிடைக்கும், பேரம் பேசத் தெரிந்தால்.

தினசரித் துடைப்பு வேறு, சர்வீஸ் வேறு. மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ பெட்ரோல் பங்கில் 'வாட்டர் வாஷ்'. வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் பீய்ச்சி அடித்து, கடைசியில் டீசல் கலந்த எண்ணெயை ஸ்பிரே பண்ணி அனுப்புவார்கள். இரண்டு நாளைக்கு வண்டி பூரா எண்ணெய் வாடை. வந்த வழியெல்லாம் தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலை நம் வாசல்காரர் அதைத் திட்டிக்கொண்டே துடைப்பார்.

இப்போது துரு விஷயத்துக்கு வருகிறேன். காரின் கதவுக்கு அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறுவதற்கான வழி. தூசியும் இலையும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே தங்கும். கதவு உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி தகடு போயிருக்கும். பெசன்ட் நகர், ராயபுரம் என்று கடற்காற்று படுகிற இடத்து வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம். ஒரே வருஷத்தில் வாங்கிய இரண்டு அம்பாசடர்களை நான் பரிசோதித்திருக்கிறேன். ஒன்றின் கதவைத் தட்டினால் கணீரென்று சத்தம், இன்னொன்றில் சொத்தை முருங்கைக்காய் மாதிரி. நன்றாக இருந்த வண்டியின் சொந்தக்காரரிடம் காரணம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. துடைக்கிறவர் மாதத்துக்கு ஒருமுறை ஈர்க்குச்சியால் அந்த ஓட்டைகளைக் குத்திவிடுவாராம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கூலியும் கூட இல்லை. வண்டி விற்கும்போது அந்த ஈர்க்குச்சிக்குப் பல ஆயிரம் ரூபாய் மதிப்பு.

தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், மறைமலை நகரில் போர்டு என்று வந்து சேர்ந்தன. 1998-ல் சான்ட்ரோ. மெட்டாலிக் நிறங்கள் தெருவை நிறைத்தன. இந்தப் பெயின்டின் கட்டுமானமே வேறு. அடியில் நிறம், அதற்கு மேலே நிறமற்ற ஒரு கண்ணாடிப் பூச்சு, 'கிளியர் கோட்'. மனிதத் தலைமுடியின் தடிமனைவிட மெல்லியது. இது பழைய டூக்கோ மாதிரி சுலபத்தில் பூக்காது. ஆகவே அடிக்கடி காம்பவுண்டு தேய்க்கத் தேவையில்லை. ஆனால் மணல் ஒட்டிய துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்தால் மெல்லிய கீறல் விழும், வெயிலில் சிலந்தி வலை மாதிரி மின்னும். நாற்பது வருஷமாக நல்லது என்று நினைத்திருந்த பனியன் வேஸ்ட் இப்படித்தான் திடீரென்று குற்றவாளியானது. நியாயமாகச் சொன்னால், குற்றம் துணியிடம் இல்லை. ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டி துடைப்பதில் இருக்கிறது. ஆனால் பத்து வண்டிக்குப் பத்து வாளித் தண்ணீர் யார் கொடுத்தார்கள்?

தண்ணீர்க் கதையைச் சொல்லாமல் சென்னையில் எந்தக் கதையையும் சொல்ல முடியாது. 2003, 2004-ஐ நினைத்துப் பாருங்கள். குழாயில் காற்று வந்தது. லாரிக்குக் குடத்தை வரிசை வைத்துவிட்டு ராத்திரியெல்லாம் காத்துக் கிடந்தோம். மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது அப்போதுதான். ஒரு ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கார் கழுவினால் எவ்வளவு போகிறது என்று எங்கள் குடியிருப்பில் நானே பக்கெட் வைத்து அளந்தேன். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு லிட்டர். கழுவி முடிக்கப் பதினைந்து நிமிஷம். 180 லிட்டர். வாளிக்காரருக்கு ஒரு காருக்கு அரை வாளி, ஏழெட்டு லிட்டர். சங்கக் கூட்டத்தில் ஹோஸைத் தடை செய்தோம். 2019-ல் மறுபடியும் வறட்சி. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த வருஷம் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் குழாய் வைத்து ட்ரம்மில் பிடித்துத்தான் எங்கள் வண்டிகள் துடைக்கப்பட்டன. அது கார் துடைக்க மிகவும் ஏற்ற தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் உப்பு கிடையாது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழாது. சிலர் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைக் கொடுத்தார்கள். அதில் உப்பு செறிந்திருக்கும், காய்ந்ததும் வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது எங்கள் குடியிருப்பு எஞ்சினியர்கள் யாரும் இல்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோது அவரிடம் சொன்னேன். "நம்ம வாளிக்கு அபராதம் போட முடியாது சார், அதுல தண்ணியே இல்ல" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செய்யாறு பக்கத்துக்காரர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு மூன்று தெரு தள்ளியிருக்கும் எங்கள் குடியிருப்புக்கு 2001-ல் வந்தார். விடியற்காலை நாலரைக்கு ஆரம்பித்தால் எட்டரைக்கு முடிப்பார். 44 வீடு, இப்போது 41 கார். அதில் உச்சத்தில் 26 வண்டி அவருடையது. அவர் உடம்பு துடைத்துக்கொண்டே போவார், பின்னால் அவர் மனைவி கண்ணாடிகளை முடித்துக்கொண்டே வருவார். பிறகு அந்த அம்மா மூன்று வீடுகளுக்குப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். ஞாயிறு விடுமுறை. ஆயுத பூஜை மறுநாள்தான் அவருக்கு வருஷத்திலேயே கடினமான நாள். முந்தின நாள் பானெட்டில் நாம் பக்தியோடு அப்பிய சந்தனமும் குங்குமமும் வெள்ளை வண்டியில் ரோஜா நிறக் கறையாக இறங்கியிருக்கும். பம்பரில் கட்டிய வாழைக்கன்றின் கறை கறுப்பாக ஒட்டியிருக்கும். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம் வேறு. பூஜைக்குப் பொரிப் பொட்டலமும் சட்டைத் துணியும் வாங்கிக்கொண்டதற்கு மறுநாள் இரட்டை வேலை.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. ஆற்றங்கரைக் குடிசைப் பக்கம் குடியிருந்த அவர் தன் வீட்டுச் சாமானை மேட்டில் சேர்த்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் எங்கள் குடியிருப்புக்கு வந்தார். கதவு கதவாகத் தட்டி எழுப்பினார். வாட்ச்மேனும் அவரும் நாங்கள் நாலைந்து பேரும் சேர்ந்து, சக்கரம் முங்குவதற்குள் பதினொரு வண்டிகளைத் தள்ளிக்கொண்டே போய் மெயின் ரோட்டு மேட்டில் நிறுத்தினோம். மீதி வண்டிகள் ஸ்டியரிங் வரை மூழ்கின. தண்ணீர் வடிந்த அன்று மூன்றாவது மாடிக்காரர் பதற்றத்தில் சாவியைப் போட்டுவிட்டார். "சார், சார், சாவி போடாதீங்க, இஞ்சின்ல தண்ணி இருக்கும்" என்று இவர் கத்திக்கொண்டு ஓடினார்.

என் உத்தியோகத்தில் இதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். காற்றுக் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் மேலே வருகிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் போயிற்று. அதற்குக் காப்பீட்டுப் பணமும் பெரும்பாலும் வராது. வெள்ளம் செய்த சேதம் வேறு, வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்று சொல்லிவிடுவார்கள். தனியாக எஞ்சினுக்கென்று கூடுதல் பாலிசி எடுத்திருந்தால்தான் உண்டு. அந்த மூன்றாவது மாடிக்காரர் அன்று சாவியைத் திருப்பாமல் எடுத்தார். லட்ச ரூபாய்க்கு மேல் மிச்சம்.

பிறகு ஒரு மாதம் சேறு எடுக்கிற வேலை. ஒர்க் ஷாப்புகளில் இடமே இல்லை. டோ வண்டிக்கே பத்து நாள் காத்திருப்பு. இவர் வாசலிலேயே சீட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டைப் பிய்த்து வெயிலில் போட்டு, கதவின் உள் அட்டைகளை எடுத்து, வண்டலைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்து எடுத்தார். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து கிளிப் போட்டு நிறுத்திவைத்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் சுருண்ட இடத்தில் சேறு காய்ந்து நாறும் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். நாற்றம் போக உள்ளே கிண்ணத்தில் காப்பித் தூள் வைத்தார். இதைத்தான் இன்று 'இன்டீரியர் டீடெய்லிங்' என்கிறார்கள். அந்த வார்த்தை அன்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன வருஷங்களில் மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறார்களே, அந்த ஞானம் எல்லாம் 2015 கொடுத்த பாடம்தான்.

2020 ஊரடங்கில் வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்று சங்கம் கேட்டைப் பூட்டியது. தவறென்று சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் பயம். வேலைக்கு வராத மாதங்களுக்கு 26 வீட்டில் 15 வீடு பணம் கொடுத்தது. கொடுக்காதவர்களின் பெயர்ப் பட்டியல் எனக்குத் தெரியும், அவரும் அறிவார், அவர் இன்றுவரை சொன்னதில்லை. திரும்பி வந்தபோது பாதி வண்டிகளில் பாட்டரி செத்திருந்தது. நாலு வண்டியில் எலி ஒயரைக் கடித்திருந்தது. ஒவ்வொரு பானெட்டுக்குள்ளும் புகையிலையைத் துணியில் முடிந்து தொங்கவிட்டார்.

இனி நிகழ்காலம். டீடெய்லிங் என்பது அமெரிக்காவில் வளர்ந்த தொழில். நம்மூரில் முதலில் கடைகளாக வந்தது, இப்போது வாசலுக்கே வருகிறது. செல்போனில் பதிவு செய்தால் இரண்டு இளைஞர்கள் பைக்கில் வருவார்கள். பிரஷர் வாஷர், வாக்குவம் கிளீனர், நுரைத் துப்பாக்கி, மைக்ரோபைபர் துணி ஒரு கட்டு. அந்தத் துணி நிஜமாகவே நல்ல கண்டுபிடிப்பு. இழை மிக நுண்ணியதாக இருப்பதால் தூசியை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், தேய்க்காது. செராமிக் கோட்டிங் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். தண்ணீர் தாமரை இலையில் ஓடுவதுபோல் ஓடும். ஒன்று மட்டும் வயதில் மூத்தவனாகச் சொல்லிவைக்கிறேன்: மெஷின் வைத்து 'பாலிஷ்' போடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கிளியர் கோட்டில் கொஞ்சம் குறைகிறது. பழைய பெயின்டில் செத்த தோலை எடுத்தோம். இதில் எடுப்பது உயிருள்ள தோலை. வருஷா வருஷம் போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன வருஷம் எங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது. கார் துடைக்கும் நிறுவனம் ஒன்று 41 வண்டிக்கும் மொத்தமாகக் குத்தகை கேட்டது. வண்டிக்கு மாதம் 600 ரூபாய், அவர் வாங்குகிற அதே பணம். யூனிபார்ம் உண்டு, அடையாள அட்டை உண்டு, செல்போனில் தினமும் போட்டோ வரும். 'பாதுகாப்புக்கு நல்லது' என்றார் செயலாளர். இருபத்து மூன்று வருஷமாகப் பாதி வீட்டுக் கார் சாவியைக் கையில் வைத்திருக்கிற மனிதரை வைத்துக்கொண்டு பாதுகாப்பு என்ற வார்த்தையை எப்படிச் சொல்ல முடிந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் எதிர்த்தரப்பிலும் விஷயம் இருந்தது. புது வண்டிக்காரர்கள் இரண்டு பேர் பானெட்டில் டார்ச் அடித்து வட்டக் கீறலைக் காட்டினார்கள். அது கண்கூடான கீறல். அவர் துணியால் வந்ததுதான். செயலியில் வேலை செய்கிற பையன்களுக்காவது 2023-ல் தமிழ்நாடு அரசு ஒரு நல வாரியம் அறிவித்தது. வாளிக்காரர் எந்த வாரியத்தின் வாசலில் போய் நிற்பார்? வீட்டு வேலை என்று சொல்லலாம் என்றால் அவர் வீட்டுக்குள்ளேயே வருவதில்லை.

அவரையும் கூப்பிட்டுக் கேட்போம் என்றேன். முணுமுணுத்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றார். கீறலைப் பற்றிக் கேட்டார்கள்.

"ஆமா சார், விழுதுதான். ஒரே ட்ரம்முல மோந்து மோந்துதான் எல்லா வண்டியும் பாக்குறேன். மேல இருந்து தண்ணி தூக்கிட்டு வரணும். லிப்ட்ல வாளி எடுத்துட்டு வரக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கீங்க. கீழ ஒரு பைப்பு குடுங்க. ரெண்டு வாளி வெச்சுக்கறேன், ஒண்ணுல அலச, ஒண்ணுல நனைக்க. அந்தப் பசங்க வெச்சிருக்கற துணியும் நான் ஜி.பி. ரோட்ல பாத்துட்டேன், வாங்கிக்கறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னொண்ணு சார். அவளும் காலைல நாலரைக்கே வந்துடறா. வாட்ச்மேன் ரூம் பக்கத்துல இருக்கற பாத்ரூமைப் பூட்டி வெச்சிருக்கீங்க. அத மட்டும் தொறந்து விட்டீங்கன்னா போதும்" என்றார்.

இருபத்து மூன்று வருஷத்தில் யாரும் அதை யோசித்ததில்லை. பெண்கள் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

தீர்மானம் ஓட்டுக்கு விடப்படவில்லை. அவரவர் விருப்பம் என்று முடிந்தது. 41-ல் 19 வண்டி இப்போது அவரிடம், 14 நிறுவனத்திடம், மீதிப் பேர் தாங்களே துடைத்துக்கொள்கிறார்கள் அல்லது துடைப்பதில்லை. நிறுவனத்துப் பையன்களில் ஒருவன் செய்யாறு பக்கம் என்று தெரிந்து இருவருக்கும் நல்ல சிநேகம். இவருடைய மைக்ரோபைபர் துணியைச் சவர்க்காரத் தூளில் ஊறப்போடக் கூடாது, வெறும் தண்ணீரில் அலச வேண்டும் என்று அவன்தான் சொல்லிக் கொடுத்தான். கதவடி ஓட்டைக்கு ஈர்க்குச்சி வைக்கிற வித்தையை இவர் அவனுக்குக் காட்டியிருக்கிறார்.

கீழ்த்தளத்தில் குழாய் போன மாதம் போட்டுவிட்டார்கள். பாத்ரூம் பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்ய வேண்டும் என்று நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதியிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் போகிறேன்.